வெளியீட்டுச் சான்று கிடைக்காத முதல் படம்: ஒரு சோவியத் இயக்குநர் குறித்த நிகழ்வு ஆய்வு

## எதைப் பற்றியது

1967ல் மாஸ்கோவில் ஓர் இயக்குநர் தன் முதல் படத்தை முடித்தார். அது திரையரங்குக்கு வந்தது 1988ல். இடைப்பட்ட காலத்தில் அவருக்கு வேலை போனது, கட்சி உறுப்பினர் அட்டை போனது, மாஸ்கோவில் வசிக்கும் உரிமையும் போனது. இரண்டாவது கதைப்படம் எடுக்காமலே 2018ல் இறந்தார்.

அவர் பெயரையும் படத்தின் பெயரையும் இங்கே எழுதவில்லை. சோவியத் சினிமாவோடு பழக்கமுள்ளவர்கள் சில பத்திகளுக்குள் கண்டுபிடித்துவிடுவார்கள். மற்றவர்களுக்கு நடந்தவற்றின் வரிசை போதும். தணிக்கையில் சிக்கிய படம் என்றால் யாரோ ஒரு அதிகாரி சிவப்பு மையில் ‘தடை’ என்று எழுதியதாகத்தான் நாம் கற்பனை செய்கிறோம். இந்த நிகழ்வில் அப்படி ஒரு பொது அறிவிப்பு வரவே இல்லை. ஒரு சான்றிதழ் வழங்கப்படாமல் இருந்தது, அவ்வளவுதான். அதனால் விளைந்தவற்றைத் தொடர்ந்து பார்ப்பதே இந்த ஆய்வின் வேலை.

## பின்னணி

இயக்குநர் 1932ல் பிறந்தவர். 1937ல், ஸ்டாலின் காலத்துக் களையெடுப்பு உச்சத்தில் இருந்தபோது, தந்தை கைதாகிக் கொல்லப்பட்டார்; தாயையும் பிடித்துக்கொண்டு போனார்கள். அப்போது கீவ் நகரில், பெற்றோருக்குத் தெரிந்த ஒரு யூதக் குடும்பம் ஐந்து வயதுப் பையனான தன்னைச் சேர்த்துக்கொண்டு காப்பாற்றியது என்று பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். போர் முடிந்து தேடியபோது அந்தக் குடும்பத்தில் யாரும் மிஞ்சவில்லை என்பதும் அவர் சொன்னதே. கீவ் ஓரத்திலுள்ள பாபி யார் பள்ளத்தில் 1941 செப்டம்பர் 29, 30 ஆகிய இரண்டே நாளில் நாஜிகள் 33,771 யூதர்களைச் சுட்டுக் கொன்றார்கள்.

மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படித்தார். பிறகு கலாசார அமைச்சகத்திலும் திரைப்படத் துறை நிர்வாகத்திலும் வேலை பார்த்தார். இது முக்கியமான விவரம். ஒரு ஸ்கிரிப்டை எப்படி வாசிப்பார்கள், எந்த வரியில் நிற்பார்கள், ஆட்சேபத்தை எந்த மொழியில் எழுதுவார்கள் என்பதெல்லாம் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்தவர் அவர். விவரம் தெரியாமல் மாட்டிக்கொண்ட புதியவர் அல்ல. அதற்குப் பிறகுதான் இயக்குநர்களுக்கான உயர் பயிற்சியில் சேர்ந்து சினிமாவுக்கு வந்தார்.

தேர்ந்துகொண்ட மூலக்கதை 1934ல் வெளிவந்த ஒரு சிறுகதை. எழுதியவர் அந்தக் கதையால் மாக்சிம் கார்க்கியின் பாராட்டைப் பெற்றவர். ஸ்டாலின்கிராத் போர்முனையிலிருந்து எழுதிப் புகழடைந்த செய்தியாளர். ஆனால் 1961 பிப்ரவரியில் அவருடைய பெரிய நாவலின் கைப்பிரதியைக் கேஜிபி பறிமுதல் செய்தது. கார்பன் தாளையும் தட்டச்சு ரிப்பனையும்கூட விடவில்லை. 1964ல் நாவல் அச்சேறாமலே அவர் இறந்துபோனார். ஆக, 1965 வாக்கில் அந்தப் பெயரைக் கையில் எடுப்பதே மேலிடத்தின் புருவத்தை உயர்த்தக்கூடிய செயல்.

கதை இது. ரஷ்ய உள்நாட்டுப் போரின்போது செஞ்சேனையின் பெண் அரசியல் கமிசார் (படைக்குள் கட்சியின் பிரதிநிதி) ஒருத்தி கர்ப்பமாகிறாள். பிரசவம் வரை அவளை ஓர் ஏழை யூதத் தொழிலாளி வீட்டில் தங்கவைக்கிறார்கள். வீட்டில் ஆறு பிள்ளைகள். இறுக்கமாக வந்தவள் அந்த வீட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இளகுகிறாள். குழந்தை பிறக்கிறது. எதிரிப்படை நெருங்கும்போது குழந்தையை அந்தக் குடும்பத்திடம் விட்டுவிட்டு மறுபடி போருக்குப் போகிறாள்.

சிறுகதையில் இல்லாத ஒன்றை இயக்குநர் சேர்த்தார். குண்டுவீச்சுக்குப் பயந்து எல்லோரும் நிலவறையில் ஒளிந்திருக்கும்போது கமிசாரின் மனக்கண்ணில் எதிர்காலம் தெரிகிறது: மஞ்சள் நட்சத்திரம் குத்திய உடையோடு அதே குடும்பமும் அந்த ஊர்க்காரர்களும் கொலை முகாமுக்குள் நடந்து போகிறார்கள். கதை எழுதப்பட்ட 1934ல் யாருக்கும் தெரிந்திருக்க முடியாத காட்சி. கதை நடக்கும் பெர்தீச்சிவ் நகரத்து யூதர்கள் 1941ல் கொல்லப்பட்டார்கள். கதாசிரியரின் தாயும் அவர்களில் ஒருவர்.

## ஒரு படம் கடக்க வேண்டிய வாசல்கள்

ஸ்டுடியோ அரசுடையது, செலவழிக்கும் பணம் அரசுடையது, திரையரங்கும் அரசுடையது. எனவே அங்கே தணிக்கை என்பது எடுத்து முடித்த படத்தைப் பார்த்து வெட்டும் தனி அலுவலகம் அல்ல. தயாரிப்பின் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் அது உட்கார்ந்திருந்தது.

முதலில் இலக்கிய வடிவில் ஸ்கிரிப்ட். அதை ஸ்டுடியோவின் எடிட்டர் குழு படிக்கும். இங்கே எடிட்டர் என்றால் படத்தொகுப்பாளர் அல்ல. ஸ்கிரிப்டின் அரசியல், கலைத் தரத்துக்குப் பொறுப்பானவர். அது தேறினால் மாஸ்கோவிலுள்ள திரைப்பட அரசுக் குழுவின், அதாவது சினிமாத் துறையை நிர்வகிக்கும் அரசு அமைப்பின், மைய ஸ்கிரிப்ட் பிரிவு படிக்கும். பிறகு இயக்குநரின் காட்சிவாரி ஸ்கிரிப்ட், நடிகர் தேர்வு, எடுத்த காட்சிகளின் பார்வை, ஸ்டுடியோ கலைக்குழுவின் கூட்டம், இறுதியாகத் திரைப்பட அரசுக் குழுவின் ஏற்பு. ஏற்றபின் வெளியீட்டுச் சான்று. அதோடு படத்துக்கு ஒரு தரவரிசையும் தருவார்கள். இயக்குநரின் ஊதியம் அதைப் பொறுத்தது. எல்லாவற்றுக்கும் மேலே கட்சி மத்தியக் குழுவின் கலாசாரப் பிரிவு இருந்தது. அது எப்போது வேண்டுமானாலும் ஒரு தொலைபேசி அழைப்பில் உள்ளே வரலாம்.

இந்த அமைப்பில் என்னை உறுத்துவது அதன் கடுமை அல்ல, அதன் கணக்கு. ஒரு படத்தை அனுமதித்து, பின்னால் அது சர்ச்சையானால், அனுமதித்தவரின் நாற்காலி போகும். நிறுத்தி வைத்தவருக்கு எந்த நஷ்டமும் இல்லை. ஸ்டுடியோ செலவழித்த ரூபிளும் அவருடையதல்ல. எந்த வாசலில் நிற்பவருக்கும் பாதுகாப்பான பதில் ஒன்றுதான்: இன்னும் கொஞ்சம் திருத்திக் கொண்டுவாருங்கள்.

ஏற்காத படத்தை அலமாரியில் வைப்பார்கள். அறிவிப்பு வராது. அறிவிப்பு இல்லாததால் மேல்முறையீடும் இல்லை.

## 1966-67: கவனிக்கப்பட்டவை

ஸ்கிரிப்ட் கட்டத்திலேயே ஆட்சேபங்கள் எழுந்தன. ஆனாலும் படப்பிடிப்புக்கு அனுமதி கிடைத்தது. 1967 நவம்பரில் அக்டோபர் புரட்சியின் 50ஆம் ஆண்டு. உள்நாட்டுப் போர், செஞ்சேனை, கடமைக்காகக் குழந்தையையே விட்டுப் போகும் கமிசார்: விழா ஆண்டுக்குத் தோதான கதை என்று காகிதத்தில் வாதிட முடியும். நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த நட்சத்திர நடிகர்கள் இருவர் நடிக்க ஒப்புக்கொண்டதும் உதவியிருக்க வேண்டும்.

இதே காலத்தில் சுற்றுப்புறம் இறுகிக்கொண்டிருந்தது. குருஷேவ் 1964 அக்டோபரில் நீக்கப்பட்டு பிரெஷ்னேவ் வந்துவிட்டார். 1966 பிப்ரவரியில், வெளிநாட்டில் புனைபெயரில் புத்தகம் வெளியிட்டதற்காக இரண்டு எழுத்தாளர்களுக்கு முறையே ஏழு ஆண்டும் ஐந்து ஆண்டும் உழைப்பு முகாம் தண்டனை கிடைத்தது. 1967 ஜூனில் ஆறு நாள் போர். ஜூன் 10ல் சோவியத் அரசு இஸ்ரேலுடன் தூதரக உறவை முறித்துக்கொண்டது. யூதக் குடும்பத்தின் அன்பைப் பற்றிய படம் ஏற்புக் குழுவின் முன் வந்தது அந்த ஆண்டில்தான்.

அதற்கும் முந்தைய ஒரு காரணம் இருந்தது, போர் அதைக் கூர்மைப்படுத்தியது மட்டுமே. நாஜிகள் கொன்றவர்களைப் பற்றிப் பேசும்போது ‘அமைதியான சோவியத் குடிமக்கள்’ என்பதே அதிகாரபூர்வ வழக்கு. யூதர்கள் என்பதற்காகக் கொல்லப்பட்டார்கள் என்பதைத் தனித்துச் சொல்ல அனுமதியில்லை. பாபி யாரில் 1976ல் நிறுவிய நினைவுச் சின்னத்தில்கூட அந்தச் சொல் இல்லை. நிலவறைக் காட்சி இந்த மௌனத்தின் மேல் நேராகக் கை வைத்தது.

படத்தில் இன்னொரு முள்ளும் உண்டு. அந்த யூதத் தொழிலாளி கமிசாரிடம் நல்ல மனிதர்களுக்கான ஓர் ‘அகிலத்தை’ (கம்யூனிஸ்டுகளின் சர்வதேச அமைப்புக்கு வழங்கிய பெயர் அது) பற்றிப் பேசுகிறான். கமிசாரின் பதில் புரட்சியின் பாடநூல் பதில். பார்க்கிறவர் மனம் எந்தப் பக்கம் சாயும் என்பதில் ஏற்புக் குழுவுக்கும் சந்தேகம் இருந்திருக்காது.

## கேட்ட திருத்தங்களும் இயக்குநரின் முடிவும்

முக்கியமான கோரிக்கைகள் இரண்டு. ஒன்று, கொலை முகாம் காட்சியை எடுத்துவிட வேண்டும். மற்றொன்று, அந்தக் குடும்பத்தை யூதர்கள் அல்லாத வேறு இனத்தவராக மாற்ற வேண்டும். இயக்குநர் இரண்டையும் மறுத்தார்.

இரண்டும் ஒரே எடையுள்ளவை அல்ல. முதலாவது தொகுப்பு மேசையில் செய்யக்கூடிய வேலை. வலிக்கும், ஆனால் முடியும். இரண்டாவது, முடிந்த படத்தில் செய்யவே முடியாதது. பேச்சின் தொனி, தாலாட்டு, வீட்டுச் சடங்கு, நடிகரின் உடல்மொழி என்று எல்லாவற்றிலும் அந்தக் குடும்பம் யார் என்பது கலந்திருக்கிறது. மாற்றுவது என்றால் வேறு படம் எடுப்பது.

எனவே பலர் கேட்கும் கேள்வி, ‘அந்த ஒரு காட்சியை வெட்டியிருந்தால் படம் பிழைத்திருக்குமே?’ என்பது, எனக்குச் சரியாகப் படவில்லை. வெட்டியிருந்தாலும் இரண்டாவது கோரிக்கை அப்படியே நின்றிருக்கும். மறுப்பினால் அவர் இழந்தது இந்தப் படத்தை அல்ல. அது எப்படியும் அலமாரிக்குத்தான் போயிருக்கும். இழந்தது அடுத்த படத்தை.

இதற்கு ஒப்பீடு அருகிலேயே இருக்கிறது. அதே 1967ல் கூட்டுப்பண்ணைக் கிராமத்தைப் பற்றிய வேறொரு படமும் அலமாரிக்குப் போனது. அதுவும் இருபதாண்டு கழித்தே வெளிவந்தது. ஆனால் அதன் இயக்குநர் 1969க்குள் துர்கனேவ் நாவல் ஒன்றைப் படமாக்கிவிட்டார். அவருடைய தந்தை சோவியத் தேசிய கீதத்தின் வரிகளை எழுதியவர்களில் ஒருவர் என்பதை மறக்கக்கூடாது. தார்க்கோவ்ஸ்கியின் ‘ஆந்திரேய் ரூப்லெவ்’ 1966ல் முடிந்து, 1969ல் கான் விழாவில் போட்டிக்கு வெளியே காட்டப்பட்டு, 1971ல் நாட்டில் வெளியானது. இடையில் இயக்குநரே அதை 205 நிமிடத்திலிருந்து 186 நிமிடமாகக் குறைத்தார். அவரிடம் 1962ல் வெனிஸ் விழாவில் வாங்கிய தங்கச் சிங்கம் இருந்தது. வெளிநாட்டில் படத்தைக் கேட்கிற கைகள் இருந்தன. நம் இயக்குநரிடம் இவை எதுவும் இல்லை. முதல் படம், பெயர் இல்லை, வெளியே தெரிந்தவர் இல்லை, குடும்பப் பின்புலமாக இருந்தது 1937ன் கோப்பு ஒன்றுதான்.

ஏன் மறுத்தார்? சொந்தக் கதைதான் காரணம் என்பது சுலபமான விடை, உண்மையும்கூட. தன்னைச் சேர்த்துக்கொண்ட வீட்டின் அடையாளத்தை அவரே எப்படி அழிப்பார்? ஆனால் அமைச்சகத்தில் இருந்த ஆண்டுகளும் இதில் சேரும் என்று நினைக்கிறேன். ஒரு திருத்தத்தை ஏற்றவரிடம் அடுத்த திருத்தம் வரும் என்பது உள்ளிருந்து பார்த்தவருக்குப் புதிதல்ல.

## தண்டனை எப்படி வந்தது

படத்துக்கான தண்டனையாக எதையும் அறிவிக்கவில்லை. ஸ்டுடியோவிலிருந்து வெளியேற்றினார்கள். கட்சி உறுப்பினர் தகுதியைப் பறித்தார்கள். அன்றைய ஆட்சியில் இது ஒழுங்கு நடவடிக்கை மட்டுமல்ல. பொறுப்பான எந்த வேலைக்கான கதவும் அதோடு சாத்தப்படும். பிறகு ‘சமூக ஒட்டுண்ணி’ என்ற குற்றச்சாட்டு. 1961ல் வந்த ஆணைப்படி உடல் நலமுள்ளவர் வேலை செய்யாமல் இருப்பது குற்றம். 1964ல் கவிஞர் பிராட்ஸ்கிக்கு ஐந்தாண்டு உள்நாட்டு நாடுகடத்தல் கொடுத்ததும் இதே பிரிவில்தான். வேலையைப் பறித்துவிட்டு, வேலையில்லை என்று குற்றம்சாட்டுவது. இதில் தணிக்கை என்ற பேச்சே எழாது என்பதைக் கவனிக்க வேண்டும். கோப்பில் இருப்பது ஒரு வேலையற்ற மனிதர் மட்டும்.

முன்னணி நடிகர்கள் இருவரும் மேலிடத்தில் மன்றாடியதால் இன்னும் பெரிய குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. மாஸ்கோவிலிருந்து அனுப்பினார்கள். கதைப்படம் எடுக்க வாழ்நாள் தடை என்று சொன்னார்கள். படத்தின் ஒரே பிரதியையும் அழித்தாகிவிட்டது என்றும் சொன்னார்கள்.

அடுத்த பதினெட்டுப் பத்தொன்பது ஆண்டுகளைப் பற்றி எழுத அதிகம் இல்லை. ஆவணப்பட வேலை கொஞ்சம் கிடைத்தது. வேறு வேலைகள் பார்த்தார். முப்பத்தைந்து வயதில் நிறுத்தப்பட்டவர் ஐம்பதைத் தாண்டினார். ஓர் இயக்குநருக்கு மிக முக்கியமான வயது இதுதான் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

## 1986 முதல் 1988 வரை

1986 மே மாதம் சோவியத் திரைப்படக் கலைஞர் சங்கத்தின் ஐந்தாவது மாநாட்டில் பழைய தலைமை கவிழ்ந்தது. இயக்குநர் எலம் கிளிமோவ் முதல் செயலாளரானார். அலமாரியில் கிடந்த படங்களைப் பரிசீலிக்க ‘பூசல் தீர்வுக் குழு’ ஒன்றைச் சங்கம் அமைத்தது. அந்தக் குழு நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைப் பார்த்தது. ஒவ்வொன்றாக வெளியீட்டுக்குப் பரிந்துரைத்தது. ஸ்டாலின் காலத்தைப் பற்றிய ஒரு ஜார்ஜியப் படம் 1987 ஜனவரியில் மாஸ்கோ திரையரங்குகளில் ஓடி நாட்டையே பேசவைத்தது.

நம் இயக்குநரின் படத்தையும் குழு பரிந்துரைத்தது. திரைப்பட அரசுக் குழு அசையவில்லை. கோர்பசேவ் காலம், வெளிப்படைத்தன்மை எல்லோர் வாயிலும், திரைப்பட அரசுக் குழுவின் தலைவரே 1986 டிசம்பரில் மாறிவிட்டார். ஆனாலும் இந்தப் படம் மட்டும் நகரவில்லை. முன்பே சொன்ன கணக்கு இங்கேயும் செல்லுபடியானது. தடை உத்தரவு ஒன்று இருந்திருந்தால் அதை ரத்து செய்து பெயர் வாங்க யாராவது முன்வந்திருப்பார்கள். இங்கே ரத்து செய்ய எதுவும் இல்லை. புதிதாகக் கையெழுத்துப் போட ஒருவர் தேவைப்பட்டார். யூதர் பிரச்சினையில் அந்த முதல் கையெழுத்தைப் போட 1987லும் தயக்கம் இருந்தது.

1987 ஜூலையில் மாஸ்கோ சர்வதேசத் திரைப்பட விழா. வெளிநாட்டு விருந்தினர்களும் செய்தியாளர்களும் நிறைந்திருந்த கூட்டத்தில் இயக்குநர் எழுந்து தன் படத்தைப் பற்றிப் பேசினார். இருபதாண்டு மௌனத்துக்குப் பின் அவர் எடுத்த முதல் பொது நடவடிக்கை என்றே இதைச் சொல்லலாம். இடத்தையும் நேரத்தையும் பார்த்தால் தற்செயல் என்று தோன்றவில்லை: மறுத்தால் அன்று மாலையே உலகச் செய்தியாகும் ஓர் அறை அது. விழா முடிவதற்குள் படம் திரையிடப்பட்டது.

அழித்துவிட்டதாகச் சொன்ன படம் எங்கிருந்து வந்தது? மாஸ்கோவுக்கு அருகே பெலியே ஸ்தொல்பியில் அரசுத் திரைப்பட ஆவணக்காப்பகம் இருக்கிறது. அலமாரிக்குப் போன படங்களின் மூலப்பொருட்களையும் பாதுகாத்து வைப்பது அதன் வழக்கம். இந்தப் படத்தின் பொருட்களும் தப்பியிருந்தன. அவற்றைக் கொண்டு இயக்குநர் படத்தை மறுபடி ஒழுங்கு செய்தார்.

1988 பிப்ரவரியில் பெர்லின் விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசான வெள்ளிக் கரடி. அந்த ஆண்டு தங்கக் கரடியை வென்றது ஜாங் யீமோவின் முதல் படம். அவரும் தணிக்கையோடு நெடுநாள் மல்லுக்கட்டப் போகிறவர் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. அதே 1988ல் படம் சோவியத் திரையரங்குகளில் வெளியானது. கதாசிரியரின் பறிமுதலான நாவல் சோவியத் நாட்டில் அச்சேறியதும் அதே ஆண்டு.

இயக்குநர் பின்னர் ஐரோப்பாவில் வாழ்ந்தார், கற்பித்தார், படத்தோடு விழாக்களுக்குப் போனார். தடை நீங்கியபோது அவருக்கு வயது ஐம்பத்தாறு. ஆனால் ஸ்டுடியோக்களின் அரசுப் பணம் வற்றத் தொடங்கியிருந்தது. 1991ல் நாடே இல்லாமல் போனது. 2018 மே மாதம் ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் இறந்தார்.

## எதை மாற்றியிருக்கலாம்

இயக்குநர் தரப்பில் மாற்ற அதிகம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஒன்றைச் சொல்லலாம்: படத்தின் பிரதியைப் பற்றி ஸ்டுடியோ சொன்ன சொல்லைத் தவிர அவரிடம் வேறு ஆதாரம் எதுவும் இருக்கவில்லை. அரசே எல்லாவற்றுக்கும் உரிமையாளர் என்ற நிலையில் இயக்குநர் தனியாகப் பிரதி வைத்திருப்பது சட்டவிரோதம். ஆனாலும் என்ன எடுத்தோம், எவ்வளவு நீளம், நெகட்டிவ் எந்தத் தேதியில் யார் கைக்குப் போனது என்ற குறிப்பு கையில் இருந்தால், ‘அழிந்துவிட்டது’ என்ற ஒற்றை வாக்கியத்தைக் கேள்வி கேட்க முடியும். இன்று இதே நிலையில் இருக்கும் இயக்குநர்கள் ஹார்ட் டிஸ்கை எல்லை தாண்டி அனுப்புவது இந்த வகைப் பாடத்திலிருந்து வந்ததே.

சங்கம் செய்த ஏற்பாட்டில் ஓட்டை தெளிவாகத் தெரிகிறது. பூசல் தீர்வுக் குழுவுக்குப் பரிந்துரைக்கும் அதிகாரம் மட்டுமே இருந்தது. பரிந்துரைக்கு இத்தனை நாளுக்குள் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், பதில் வராவிட்டால் அனுமதித்ததாகக் கொள்ள வேண்டும் என்ற மூன்று விதிகள் இருந்திருந்தால் இந்தப் படம் ஓர் ஆண்டு முன்பே வந்திருக்கும். இயக்குநர் வெளிநாட்டவர் முன் எழுந்து நின்று கேட்க வேண்டிய நிலையும் வந்திருக்காது. குழு காப்பாற்றிய படங்கள் ஏராளம், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவற்றுக்கான நிவாரணமும் படத்தை வெளியிடுவதோடு நின்றுவிட்டது. இருபதாண்டு வேலை பறிபோனவருக்கு அடுத்த படம் எடுக்க ஸ்டுடியோவில் ஓர் இடத்தையும் நிதியையும் ஒதுக்க வேண்டும் என்ற பேச்சு அந்த ஏற்பாட்டில் இல்லை.

1990ல் வந்த சோவியத் பத்திரிகைச் சட்டம் தணிக்கையை ஒழித்தது. ரஷ்யாவின் 1993 அரசியல் சாசனம் அதை வெளிப்படையாகத் தடை செய்தது. வெளியீட்டுச் சான்று என்ற முறை மட்டும் நிர்வாக விதியாகத் தங்கிவிட்டது. 2018 ஜனவரியில், ஸ்டாலினின் மரணத்தைப் பற்றிய ஒரு பிரிட்டிஷ் நகைச்சுவைப் படத்துக்குக் கொடுத்திருந்த சான்றைக் கலாசார அமைச்சகம் வெளியீட்டுக்கு இரண்டு நாள் முன்பு திரும்பப் பெற்றது. தணிக்கை ஒழிப்பைப் பற்றிச் சட்டம் எழுதுகிறவர்கள் முதலில் கைவைக்க வேண்டிய இடம் அந்தச் சான்றுதான்: அதை யார் தருகிறார், யார் திரும்பப் பெறலாம், எத்தனை நாளுக்குள், எந்த நீதிமன்றத்தில் அதைக் கேட்கலாம்.